ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்துக்குள் நிறுவனர் குடும்பத்தின் கல்லறை அமைந்தது எப்படி?

வைகறை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு படிக்கிறாள். அவளைப் பார்க்கச் சென்றிருந்தபோது, ஒரு நாள் காலையில் பாம் டிரைவ் சாலையை விட்டு விலகி, பக்கத்து மரத்தோப்புக்குள் நடந்துகொண்டிருந்தேன். தைல மரங்களின் பட்டைகள் உரிந்து காலடியில் கிடந்தன. கண்ணை மூடிக்கொண்டால் ஊட்டியில் நிற்பது போன்ற வாசனை. தோப்பின் நடுவே, தூண்கள் தாங்கிய சிறு கோயில் போன்ற ஒரு கருங்கல் கட்டடம் இருந்தது. கதவு பூட்டியிருந்தது. வாசலின் இருபுறமும், சிங்க உடலும் ஆண் முகமுமாக இரண்டு ஸ்பிங்ஸ் சிலைகள், நம் கோயில்களில் காணும் புருஷாமிருகத்தை நினைவூட்டுவனவாக அமர்ந்திருந்தன. பின்பக்கம் சென்று பார்த்தால், அங்கே வேறு இரண்டு சிலைகள். அவை பெண் முகமும் திறந்த மார்பும் கொண்டவை.

அது பல்கலைக்கழகத்தை நிறுவிய குடும்பத்தின் கல்லறை என்று மகள் சொன்னாள். இடுகாட்டை ஊருக்கு வெளியே வைக்கும் வழக்கத்தில் வளர்ந்தவள் நான். பிள்ளைகள் படிக்கும் இடத்தில் சமாதி எப்படி வந்தது, முன்னும் பின்னும் ஏன் வெவ்வேறு சிலைகள் என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

வணக்கம் அம்மா. படிக்கும் இடத்துக்குள் சமாதி வந்தது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே சாவுதான் முதலில் வந்தது; பள்ளிக்கூடம் அதற்குப் பின்னால்தான் வந்தது.

லீலண்ட் ஸ்டான்ஃபோர்டு ரயில் பாதை போட்டுப் பெரும் செல்வம் சேர்த்தவர். கலிபோர்னியாவின் ஆளுநராகவும், பின்னர் அமெரிக்க செனட் உறுப்பினராகவும் இருந்தவர். அவருக்கும் ஜேனுக்கும் 1850-இல் திருமணம் நடந்தது. 1868-இல்தான் ஒரே மகன் பிறந்தான். அப்போது ஜேனுக்கு வயது 39. தவமிருந்து பெற்ற பிள்ளை என்று நாம் சொல்வோமே, அப்படிப்பட்ட பிள்ளை. குடும்பத்தோடு ஐரோப்பாவில் பயணம் செய்துகொண்டிருந்தபோது டைபாய்டு காய்ச்சல் கண்டு, 1884 மார்ச் 13 அன்று ஃபிளாரன்ஸ் நகரில் அவன் இறந்துபோனான். பதினாறு வயது நிறைய இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

நீங்கள் நின்ற இடத்தின் கதை இதன் பிறகுதான் தொடங்குகிறது. அந்தத் தோப்பில் அவர்கள் தங்களுக்கென ஒரு புதிய மாளிகை கட்டத் திட்டமிட்டிருந்தார்கள். அதன் பக்கத்தில் அமையும்படி, ருடால்ஃப் உல்ரிச் என்ற தோட்டக் கலைஞரைக் கொண்டு ஒரு கள்ளித் தோட்டத்தையும் 1880-களின் தொடக்கத்திலேயே போட்டு முடித்துவிட்டார்கள். மகன் போன பிறகு அந்த மாளிகை எழவே இல்லை. வீட்டுக்காக ஒதுக்கிய மனையில் கல்லறை எழுந்தது. கள்ளித் தோட்டம் இன்றும் பக்கத்திலேயே இருக்கிறது. அடுத்த முறை போகும்போது அதையும் அவசியம் பாருங்கள். வராத வீட்டுக்காகப் போட்ட தோட்டம் அது.

பல்கலைக்கழகத்தின் முழுப் பெயர் இன்றும் லீலண்ட் ஸ்டான்ஃபோர்டு ஜூனியர் பல்கலைக்கழகம்தான். அந்த ஜூனியர் இந்தப் பையனையே குறிக்கிறது. அடிக்கல் நாட்டியது 1887 மே 14 அன்று. அவன் உயிரோடு இருந்திருந்தால் அன்று பத்தொன்பதாவது பிறந்தநாள். முதல் மாணவர்கள் 1891 அக்டோபரில் வந்து சேர்ந்தார்கள். தந்தை 1893-லும் தாய் 1905-லும் இறக்க, இப்போது மூவரும் அந்த ஒரே மண்டபத்தில் இருக்கிறார்கள். நிறுவனர் நினைவு நிகழ்ச்சியை ஒட்டிக் கதவைத் திறந்துவைப்பது மரபு. அந்த நாளில் போக முடிந்தால் உள்ளே உள்ள வெள்ளைப் பளிங்கைப் பார்க்கலாம்.

சிலைகளைப் பற்றிய விளக்கம் எளிது. வாசலுக்கென்று முதலில் செய்து வந்தவை அந்தப் பெண் சிலைகள்தான். மகனின் கல்லறை வாசலில் அவை இருப்பது ஜேனுக்குப் பிடிக்கவில்லை. பின்பக்கம் கொண்டுபோய் வைக்கச் சொல்லிவிட்டு, முன்னால் ஆண் சிலைகளை வைத்தார்.

நெய்தல் எழுதியது:

ஜேன் அம்மையாரைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். கணவர் இறந்ததும் சொத்து முழுவதும் நீதிமன்றத்தின் பிடியில் சிக்கியது. ரயில் பாதைக்குக் கொடுத்த கடனுக்காக 150 லட்சம் டாலர் கேட்டு அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்தது. வீட்டுச் செலவுக்கென்று மாதம் 10,000 டாலரை நீதிமன்றம் அனுமதித்தபோது, பேராசிரியர்களைத் தம் வீட்டுப் பணியாளர்களாகக் கணக்குக் காட்டி, அந்தப் பணத்திலிருந்தே ஊதியம் கொடுத்துக் கல்லூரியை மூடாமல் காப்பாற்றினார். 1896-இல் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தம் நகைகளை விற்று நூலகத்துக்குப் புத்தகம் வாங்கும்படியும் ஏற்பாடு செய்தார்.

அவருடைய முடிவுதான் மனத்தை வாட்டுகிறது. 1905 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ வீட்டில் அவர் குடித்த தண்ணீரில் ஸ்ட்ரிக்னைன் கலந்திருந்தது. நம் ஊர் எட்டி விதையில் இருக்கும் அதே நஞ்சு. பிழைத்துக்கொண்டு ஹவாய்க்குச் சென்றார். அங்கே ஹோனலுலு விடுதியொன்றில் பிப்ரவரி 28 இரவு வலிப்பு கண்டு இறந்தார். நஞ்சால் நேர்ந்த சாவு என்று அங்கே விசாரித்த நடுவர் குழு முடிவு சொன்னது. இதய நோய் என்று பல்கலைக்கழகத் தலைவர் டேவிட் ஸ்டார் ஜோர்டன் மறுத்தார். குற்றவாளி என்று எவருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. இவ்வளவையும் செய்த ஒரு தாய்க்கு அந்த நீதிகூடக் கிடைக்கவில்லை என்பதை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

கல்லறைக்கு அருகிலேயே, பலிபீடத்தின்மேல் முகம் கவிழ்த்து, சிறகுகள் தொங்க அழும் தேவதையின் சிலை இருக்கிறது. தம் தம்பி ஹென்றி லாத்ரப்பின் நினைவாக ஜேன் வைத்தது அது. 1906 நிலநடுக்கத்தில் சேதமடைந்ததால், 1908-இல் புதிதாகச் செய்து வைத்தார்கள்.

கற்சிலம்பு எழுதியது:

நண்பர்கள் சொன்னவற்றை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கருங்கல்லுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் பதில் முழுமையாகும். சியரா நெவாடா மலையைக் குடைந்து ஸ்டான்ஃபோர்டின் சென்ட்ரல் பசிபிக் ரயில் பாதையைப் போட்டவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். அவர்களின் எண்ணிக்கை 10,000 முதல் 20,000 வரை இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். 1862-இல் ஆளுநராகப் பதவியேற்றபோது அந்த மக்களைத் தாழ்ந்த இனம் என்று பேசிய ஸ்டான்ஃபோர்டு, 1865-இல் அவர்கள் இல்லாமல் இந்தப் பாதையை முடிக்கவே முடியாது என்று குடியரசுத் தலைவருக்கு எழுதினார். பனிச்சரிவிலும் வெடிவிபத்திலும் செத்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் நமக்குத் தெரியாது. இறந்தவர்களின் எலும்புகளைத் தோண்டியெடுத்துச் சொந்த ஊருக்கு அனுப்பிவைப்பது சீனர்களின் வழக்கமாக இருந்தது. தொலைவில் இறந்த தன் பிள்ளையைத் தாய்மண்ணுக்குக் கொண்டுவர வேண்டும் என்ற அதே ஏக்கம் அந்தத் தாய்களுக்கும் இருந்திருக்கும் அல்லவா?

ஏட்டுச்சுவடி எழுதியது:

ஐயா சொல்வது நியாயம். நான் அதை விட்டிருக்கக் கூடாது. அந்தத் தொழிலாளர்களின் வரலாற்றைத் தேடித் தொகுக்கும் ஆய்வுத் திட்டம் ஒன்றை 2012-இல் அதே பல்கலைக்கழகம்தான் தொடங்கியது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

வைகறை எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. வராத வீட்டின் தோட்டம் என்று படித்ததும் மகளைத் தொலைபேசியில் அழைத்து, அங்கே போயிருக்கிறாயா என்று கேட்டேன். தேர்வு நாள்களில் அந்தக் கள்ளிகளுக்கு நடுவே அமர்ந்துதான் படிப்பாளாம். யார் போட்ட தோட்டம் என்று அவளுக்குத் தெரியாது. இந்தத் திரியை அவளுக்கு அனுப்பியிருக்கிறேன்.