வரைபடங்களோடு 'தி ரிடில் ஆஃப் தி சாண்ட்ஸ்' யாரிடமாவது இருக்கிறதா?

நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். எர்ஸ்கின் சைல்டர்ஸ் எழுதி 1903இல் வெளிவந்த இந்த உளவு நாவலைப் படித்துக்கொண்டிருக்கிறேன். என்னிடம் இருப்பது மலிவான மறுபதிப்பு, மூலத்தில் இருந்த வரைபடங்களைச் சேர்க்காமலே விட்டுவிட்டார்கள். இந்தக் கதைக்கு அது பெரிய அநியாயம். ஜெர்மனியின் ஃப்ரீசியன் தீவுகளுக்கும் கரைக்கும் நடுவே, கடல் வற்றினால் மணல்திட்டு, ஏறினால் தண்ணீர் என்று மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில்தான் கதாநாயகர்கள் டேவிஸும் கரதர்ஸும் சின்னப் பாய்மரப் படகில் சுற்றுகிறார்கள். கடும் மூடுபனியில் நோர்டர்னித் தீவிலிருந்து மெம்மர்ட் தீவு வரை திசைகாட்டியை நம்பியே துடுப்புப் போடும் அத்தியாயம் வந்ததும், படம் இல்லாமல் எந்த வாய்க்கால் எங்கே திரும்புகிறது என்றே பிடிபடவில்லை. துப்பாக்கியை நம்பாமல் நீரோட்டத்தை வைத்தே பதற்றத்தை ஏற்றுகிற எழுத்து, அதை முழுசாக அனுபவிக்க வேண்டும்.

பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கங்களைத் தெளிவாகப் படம் எடுத்துப் போட முடியுமா? ஆசிரியர் 1922இலேயே இறந்துவிட்டதால் காப்புரிமைச் சிக்கல் இல்லை. இல்லையென்றால் எந்தப் பதிப்பில் வரைபடங்கள் படிக்கிற அளவில் இருக்கின்றன என்று சொன்னாலும் போதும், வாங்கிக்கொள்கிறேன். அப்புறம், படகோட்டத் தெரிந்தவர்கள் இருந்தால் ஓத ஏற்ற இறக்கக் கணக்கையும் கொஞ்சம் விளக்குங்கள்.