மட்டக்குதிரையில் பழகிய கை: பெரிய குதிரைக்கு மாறிய பிள்ளைகள் குறித்த அனுபவப் பகிர்வு

தோவாளைப் பக்கத்திலிருந்து ஒரு தந்தை:

என் மகளுக்கு இப்போது 13 வயது. ஏழு வயது முதல் அவள் ஏறி வந்த மட்டக்குதிரையின் பெயர் மணி. பிடரி முடியும் இடத்திலுள்ள மேட்டில் அளந்தால் அதன் உயரம் 12.2 கை, அதாவது 127 சென்டிமீட்டர். (ஒரு கை என்பது 4 அங்குலம். புள்ளிக்குப் பின்னால் வருவது தசம எண் அன்று, மிச்ச அங்குலம். இதை அறியாமல் ஒரு வியாபாரியிடம் பேசி நான் நகைப்புக்கு ஆளானதுண்டு.) சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்த எடை குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பலரும் கைக்கொள்ளும் கணக்கு. மார்புச் சுற்றளவை நாடாவால் அளந்து பார்த்ததில் மணி ஏறக்குறைய 220 கிலோ இருந்தது. 12 வயதில் மகள் 38 கிலோ, சேணம் 6 கிலோ. எல்லையைத் தொட்டுவிட்டோம் என்று அன்றிரவே வீட்டில் பேச்சு எழுந்தது.

அந்தப் பேச்சில் என்னுடைய பெருமையும் கலந்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோவில் திருவிழாவையொட்டிக் கூடும் குதிரைச் சந்தைக்குச் சென்று, காது நுனிகள் இரண்டும் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடும் ஒரு மார்வாரிக் குதிரையைப் பார்த்த மாத்திரத்தில் மயங்கி வாங்கிவிட்டேன். நான்கு வயது ஆண் குதிரை. பிள்ளையும் இளையது, குதிரையும் இளையது, இரண்டும் சேர்ந்தே வளரட்டும் என்று என் மைத்துனர் சொன்னது அப்போது நியாயமாகவே பட்டது. இருவரில் ஒருவருக்காவது வேலை தெரிந்திருக்க வேண்டும் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை அறிந்தவர்களுக்கு மேற்கொண்டு நடந்ததை விளக்க வேண்டியதில்லை. காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று எங்கள் தென்னந்தோப்பிலும் நாள் முழுவதும் அடிக்கும். காற்று ஓங்கும்போது குதிரையின் காதுக்கு எந்த ஓசை எங்கிருந்து வருகிறது என்பது பிடிபடாமல் போவதால், சாதாரண நாளில் பொருட்படுத்தாத ஒன்றுக்கும் அது மிரளும். காய்ந்த மட்டை ஒன்று பின்னால் விழுந்த நொடியில் அந்தக் குதிரை பக்கவாட்டில் பாய்ந்தது. மகள் மணலில் விழுந்தாள். தலைக்கவசம் அணிந்திருந்ததால் மணிக்கட்டு முறிவோடு தப்பினோம். மாவுக்கட்டு பிரிப்பதற்குள் குதிரையை நட்டத்துக்கு விற்றுவிட்டேன். குதிரையைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

தை மாதத்தில் வந்தவள் பவானி. 15.1 கை, 155 சென்டிமீட்டர், 16 வயதுப் பெண் குதிரை. பல ஆண்டுகள் வெளியூர்ப் பயிற்சிப்பள்ளி ஒன்றில் புதியவர்களைச் சுமந்தது. “கிழட்டுக் குதிரைக்கா இவ்வளவு பணம்?” என்று உறவினர்கள் கேட்டார்கள். அந்த 16 வயதுக்குத்தான் நான் பணம் கொடுத்தேன்.

சிக்கல் வேறிடத்தில் எழுந்தது. ஐந்தாண்டுகளாக மணியோடு போராடிப் பழகியவள் என் மகள். மணி நினைத்த இடத்தில் தலையைத் தாழ்த்திப் புல்லைக் கடிக்கும். இவள் முழு வலுவோடு கடிவாள வாரை இழுத்து அதன் தலையை மேலே கொண்டுவருவாள். மணி நகர மறுக்கும். இவள் குதிகாலால் ஓயாமல் இடித்துக்கொண்டே இருப்பாள். மட்டக்குதிரைகளிடம் பழகிய பிள்ளைகளுக்கெல்லாம் இந்தக் கையும் காலும் வந்துவிடும். அவற்றை அவர்கள் திறமை என்றும் எண்ணிக்கொள்வார்கள். அதே இழுப்பைப் பவானியின் வாயில் கொடுத்தபோது அது தலையை உயர்த்தி, முதுகைத் தாழ்த்தி, பின்னோக்கி நடக்கத் தொடங்கியது. அதே இடியைக் கொடுத்தபோது இவள் எதிர்பாராத வேகத்தில் கிளம்பியது.

இளமையில் குதிரைவண்டி ஓட்டிய முதியவர் ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் பாட்டா. முதல் வாரம் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “மக்ளே, மட்டத்துகிட்ட நீ சண்டை பிடிச்சு ஜெயிச்ச. இதுகிட்ட சண்டை பிடிக்காத, தோத்துருவ. மெதுவாச் சொல்லிட்டு, அது கேக்குற வரைக்கும் காத்திரு.”

“எவ்வளவு நேரம் பாட்டா காத்திருக்கணும்?” என்று மகள் கேட்டாள்.

“அது காது ஒன்னு உன் பக்கம் திரும்புற வரைக்கும்.”

அவர் யோசனைப்படி முதல் இரண்டு வாரங்கள் மகள் அதன்மீது ஏறவே இல்லை. தேய்த்துவிடுவதும், குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்வதும், கயிற்றைப் பிடித்துத் தோப்பைச் சுற்றி நடப்பதுமாக நாட்கள் கழிந்தன. குதிரைக்குத் தன்னைச் சுற்றிலும் ஏறக்குறைய முழு வட்டமும் தெரியுமென்றாலும், நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் தெரியாது. உயரம் குறைந்த பிள்ளை பெரிய குதிரையின் முகத்துக்கு அடியில் நின்றால், குதிரையைப் பொறுத்தவரை அங்கே யாருமே இல்லை. மணியின் கண்ணும் மகளின் கண்ணும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருந்ததால் இதை அவள் அதுவரை கற்க நேர்ந்ததில்லை. இடப்பக்கத் தோளருகே நின்று நடத்த வேண்டும் என்பதைப் பதியவைக்கவே ஐந்து நாள் ஆயிற்று.

ஏறுவதற்குத் துணி துவைக்கும் கல் பயன்பட்டது. தரையிலிருந்து தொங்கி ஏறினால் சேணம் ஒரு பக்கமாக இழுபட்டுக் குதிரையின் முதுகு வலிக்கும். பிள்ளையும் ஒவ்வொரு நாளையும் ஒரு சிறு தோல்வியோடு தொடங்குவாள். பிறகு ஒரு மாதம் பாட்டா நீண்ட கயிற்றில் பவானியை வட்டமாக விட, மகள் வாரைத் தொடாமல், கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தாள். அந்த ஒரு மாதம் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட துள்ளோட்டத்தில் இன்னொன்று தெரிந்தது. மணி எடுத்துவைக்கும் எட்டு சிறியது, தாளம் விரைவானது. பவானியின் எட்டு நீண்டது, ஒவ்வொரு எட்டிலும் முதுகு ஆளை உயரத் தள்ளும். பழைய தாளத்தில் எழுந்து உட்கார்ந்த மகள், குதிரை எழும்பும்போது தான் இறங்கி, சேணத்தோடு மோதிக்கொண்டே இருந்தாள். பாட்டா “ஒன்னு, ரெண்டு” என்று உரக்கச் சொல்லி, பின்பு சொல்வதை நிறுத்தி, அவளையே சொல்லவைத்தார்.

நிறுத்தும் தூரத்துக்குத் தென்னைகளே அளவுகோல். எங்கள் தோப்பில் மரத்துக்கு மரம் 25 அடி. துள்ளோட்டத்திலிருந்து மணியை நிறுத்த ஓர் இடைவெளி போதும். பவானிக்கு இரண்டு வேண்டும், தொடக்கத்தில் மூன்று. எந்த மரத்தில் நிற்கப் போகிறாள் என்பதை மகள் முன்கூட்டியே சொல்லிவிட்டு, மூச்சை விட்டு, உடலை நிமிர்த்தி, விரல்களை மட்டும் மூடுவாள். சொன்ன மரத்தில் குதிரை நின்ற நாள் பங்குனி கடைசியில்தான் வந்தது.

நவராத்திரியின் பத்தாம் நாள் கன்னியாகுமரி பகவதியம்மன் வெள்ளிக்குதிரை வாகனத்தில் மகாதானபுரத்துக்குப் பரிவேட்டைக்கு எழுந்தருளும்போது பவானியையும் கூட்டிவரலாமே என்று ஒருவர் ஆசையோடு கேட்டார். மேளமும் கூட்டமும் அவளுக்கு எப்படி இருக்கும் என்று தெரியாத முதல் ஆண்டில் அது வேண்டாம் என்று மறுத்தேன். அவர் இன்னும் என்மேல் மனத்தாங்கலாக இருக்கிறார்.

தக்கலையிலிருந்து ஒரு பயிற்சியாளர்:

மேலே எழுதியவரின் அனுபவம் என் மாணவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்துகிறது. ஓரிடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். பெரிய குதிரை வந்ததும், அவர் செய்ததுபோல், மட்டக்குதிரையைச் சட்டென்று விலக்க வேண்டியதில்லை. எடை அனுமதிக்கும் வரை ஒருநாள் இதுவும் ஒருநாள் அதுவுமாக ஏறும் பிள்ளைகள் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தாமாகவே கண்டுபிடிக்கிறார்கள். நாம் நூறு முறை சொல்லி விளங்காதது இரண்டு நாளில் விளங்கிவிடும்.

அச்சத்தைப் பற்றி அவர் எழுதவில்லை. பிள்ளைகள் அதை வாயால் சொல்லமாட்டார்கள். வயிறு வலிக்கிறது, வீட்டுப்பாடம் இருக்கிறது, தலைக்கவசம் இறுக்குகிறது என்பார்கள். (தலைக்கவசம் உண்மையிலேயே இறுக்கலாம். ஆண்டுக்கொரு முறை தலையை அளந்துவிடுங்கள்.) அப்படிச் சொல்லும் நாளில் நான் ஏறவும் இறங்கவும் மட்டும் பழக்குகிறேன். பெரிய குதிரையில் இறங்குவதுதான் அஞ்சத்தக்கது. கால் தரையைத் தேடி அந்தரத்தில் தொங்கும் அந்தக் கணத்தில்தான் பிள்ளை சேணத்தைக் கட்டிக்கொள்கிறது. இரண்டு கால்களையும் அங்கவடியிலிருந்து (பாதம் வைக்கும் வளையம்) முழுவதுமாக எடுத்த பிறகே இறங்கத் தொடங்க வேண்டும். ஒரு கால் மாட்டியிருக்கக் குதிரை நகர்ந்துவிட்டால் அதைவிடப் பெரிய ஆபத்து இல்லை. முழங்காலை மடக்கி, குதிரையின் பக்கமாகவே முகம் வைத்து வழுக்கி இறங்கட்டும். பத்து முறை இறங்கிய பிள்ளை பதினோராம் முறை சிரிக்கும்.

அங்கவடியின் நீளத்தைத் தரையிலேயே பார்த்துவிடலாம். விரல் நுனியைச் சேணத்தில் அங்கவடியின் வார் மாட்டியுள்ள இடத்தில் வைத்து, அங்கவடியை அக்குளுக்குள் கொண்டுவந்தால் ஏறக்குறைய சரியாக இருக்கும். செருப்புப் போட்டுக்கொண்டு வரும் பிள்ளையை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். சிறிய குதிகால் உள்ள காலணி இல்லையென்றால் பாதம் அங்கவடிக்குள் நுழைந்து மாட்டிக்கொள்ளும்.

கடற்கரை குறித்தும் ஒரு சொல். சொத்தவிளை மணலில் பெரிய குதிரையை ஓட்டிப் படமெடுத்துக்கொள்ளும் ஆசை நம் மாவட்டத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் உண்டு. ஒருமுறை 14 வயது மாணவன் ஒருவனை அழைத்துச் சென்றேன். அலை பின்வாங்கியபோது, தன் காலடித் தரையே நகர்கிறது என்று எண்ணிய குதிரை மேட்டை நோக்கி நான்கு எட்டுப் பக்கவாட்டில் வைத்தது. பையன் விழவில்லை. பிடரி மயிரை அவன் விட்டது மட்டும் வீட்டுக்கு வந்த பிறகுதான். இப்போதெல்லாம் முதல் நாள் தொலைவில் நின்று அலையைக் காட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறேன். ஓட்டுவதாக இருந்தால் ஈரம் படிந்து இறுகிய மணலில்தான். கால் புதையும் உலர்மணல் குதிரையின் முன்னங்கால் தசைநார்களைக் கெடுக்கும்.

நாகர்கோவிலிலிருந்து ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:

கல்லூரிக் காலத்தில் என்.சி.சி.யின் குதிரைப் பிரிவில் சவாரி கற்றவன் நான். வாங்கும்போது செய்ய வேண்டியவற்றை மட்டும் எழுதுகிறேன். நீங்கள் போய்ச் சேரும்போது குதிரைக்கு ஏற்கெனவே சேணம் பூட்டியிருந்தால் ஐயப்படுங்கள். வயிற்றுவார் கட்டும் இடத்தில் கையை வைத்துப் பாருங்கள். வியர்வை உலர்ந்த தடம் இருந்தால் காலையிலேயே அதை ஓட்டிக் களைப்பாக்கி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். கொட்டிலிலிருந்து பிடித்து வருவது முதல் எல்லாவற்றையும் உங்கள் கண்முன் செய்யச் சொல்லுங்கள். முதலில் அவர்கள் ஏறட்டும், பிறகு நீங்கள், கடைசியாகப் பிள்ளை.

சாதுவாக வந்த குதிரை மூன்றாம் வாரத்தில் முரடாகிவிட்டது என்று என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் கொள்ளுப் பயறை அள்ளிப் போட்டவர்கள். புதுக் குதிரை என்ற பாசத்தில் இருமடங்கு தீனி, பிள்ளைக்குத் தேர்வு என்பதால் சவாரி இல்லை. அந்த வலு எங்கே போகும்? புல்லும் வைக்கோலும் முதன்மை உணவாக இருக்கட்டும். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் மெதுவாக நடக்கும் குதிரைக்குக் கொள்ளு மிகக் குறைவாகப் போதும். தீனியை மாற்றுவதானால் ஒரு வாரம் பத்து நாளில் சிறிது சிறிதாக மாற்றுங்கள். குதிரையால் வாந்தியெடுக்க இயலாது. வயிற்றில் சிக்கல் வந்தால் உயிருக்கே ஆபத்து.

பழைய குதிரையின் சேணத்தைப் புதியதில் போடாதீர்கள். பிடரி மேட்டுக்கும் சேணத்துக்கும் இடையே, பிள்ளை ஏறி அமர்ந்த பிறகும், இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். பிள்ளையைத் தள்ளிவிடுகிறது என்று குற்றம் சாட்டப்பட்ட ஒரு குதிரையின் முதுகை அழுத்திப் பார்த்தேன். அது என்னையே கடிக்க வந்தது. அவ்வளவு வலி.

குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு தாய்:

எங்கள் மகன் நான்கு மாதம் பெரிய குதிரையில் ஏறிவிட்டு, தனக்கு அது வேண்டாம், 13 கை உயரமுள்ள பழைய குதிரையே போதும் என்று சொல்லிவிட்டான். அவன் ஒல்லியான பிள்ளை, 34 கிலோதான். என் கணவர் வருந்தினார், அவன் வருந்தவில்லை. ஒன்றரை ஆண்டு கழித்து, பயிற்சி இடத்தில் யாரும் ஏறாமல் நின்ற ஒரு பெரிய குதிரையை நடத்திவிட்டு வருகிறேன் என்று அவனே கேட்டான். அன்று முதல் அதில்தான் ஏறுகிறான். இதில் நாங்கள் செய்தது ஒன்றும் இல்லை.

தோவாளைப் பக்கத்திலிருந்து தந்தை, மீண்டும்:

மட்டக்குதிரையை உடனே விலக்கியது தவறு என்று பயிற்சியாளர் சொன்னதை ஏற்கிறேன். மணியை என் தம்பியின் எட்டு வயது மகனுக்குக் கொடுத்திருக்கிறோம். சென்ற மாதம் அங்கே போயிருந்தபோது மகள் அதை வாரைப் பிடித்து வாய்க்கால் கரை வரை நடத்திச் சென்றாள். மணி வழக்கம்போலத் தலையைத் தாழ்த்தியது. அவள் விரல்களை மட்டும் மெல்ல மூடி, அதன் காது திரும்பட்டும் என்று காத்து நின்றாள். காது திரும்பவில்லை. வாய்க்கால் கரை வரைக்கும் மணி ஒரு புல்லையும் விடாமல் தின்றுகொண்டே போயிற்று. தம்பி மகன் ஓடிவந்து, “அக்கா, இழுங்க! நல்லா இழுங்க!” என்று கத்தினான்.