முன்னாள் படைவீரர்களுக்கு வி.ஆர். உடற்பயிற்சி: அப்பாவுக்கு வாங்கலாமா?

அலைகடல்:
என் அப்பா இருபது வருடத்துக்கு மேல் இராணுவத்தில் இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு முழங்கால் தேய்மானம், முதுகுவலி. அதைவிடப் பெரிய சிக்கல், கூட்டம் உள்ள இடத்துக்கு அவர் வரவே மாட்டார். காலையில் நடக்கக் கூப்பிட்டால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். போன வாரம் அவருடைய பிசியோதெரபிஸ்ட், வி.ஆர். ஹெட்செட் (கண்ணை மறைத்து, சுற்றிலும் மெய்நிகர் காட்சியைக் காட்டும் தலைக்கருவி) மாட்டிக்கொண்டு செய்யும் உடற்பயிற்சியை முயன்று பார்க்கலாமா என்று கேட்டார். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் இதைப் பயன்படுத்துகிறார்களாம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வெறுங்கால்:
வேண்டாம் என்பேன். ஏற்கனவே வெளியே வராத மனிதருக்குக் கண்ணையும் மூடிவிட்டால் அவர் எப்போது வெளியே வருவார்? படையில் இவர்கள் தனியாக உடற்பயிற்சி செய்தவர்கள் இல்லை. விசில் ஊதியதும் வரிசையில் நின்று, பக்கத்தில் ஓடுபவன் மூச்சு வாங்குவது காதில் விழ ஓடியவர்கள். அவர்களுக்கு வேண்டியது கூட ஓட ஒரு ஆள். அதை எந்தக் கருவியும் தராது.

இயன்முறை:
நான் பிசியோ. முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன், இரண்டு வேறு விஷயங்களை எல்லோரும் ஒன்றாகக் குழப்புகிறார்கள்.

ஒன்று, பி.டி.எஸ்.டி., அதாவது போர் போன்ற அதிர்ச்சிக்குப் பிறகு மனதை விடாமல் வாட்டும் பாதிப்புக்கான சிகிச்சை. 1997-இல் அட்லாண்டாவில், வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களுக்காகக் காடும் ஹெலிகாப்டரும் வரும் ஒரு மெய்நிகர் காட்சியை உருவாக்கினார்கள். பிறகு தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் ரிஸ்ஸோ குழுவினர் ஈராக், ஆப்கானிஸ்தான் காட்சிகளோடு 'பிரேவ்மைண்ட்' என்பதைக் கொண்டுவந்தார்கள். நடந்ததை மறுபடி எதிர்கொள்ள வைக்கும் சிகிச்சை அது. பயிற்சி பெற்ற உளவியலாளர் கூட இருக்க வேண்டும். வீட்டில் செய்து பார்க்கும் விஷயமே இல்லை.

இன்னொன்று, வெறும் உடற்பயிற்சி. எதிரே வரும் கட்டைகளைக் கையை வீசி வெட்டுவது, துடுப்புப் போடுவது, பந்து அடிப்பது. தோள்பட்டை இறுகிப்போன ஒருவர் என்னிடம் வந்தார். பத்து முறை கையைத் தூக்கச் சொன்னால் ஆறில் நிறுத்திவிடுவார். ஹெட்செட்டில் தலைக்கு மேல் மிதக்கும் பலூன்களை உடைக்கச் சொன்னேன். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன், முப்பத்தெட்டு. வலியிலேயே இருந்த கவனம் பலூனுக்குப் போனதுதான் காரணம். தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போது பனிப்பந்து எறியும் விளையாட்டைக் கொடுத்து வலியைக் குறைத்த 'ஸ்னோவேர்ல்ட்'டும் இதே வழியில்தான் வேலை செய்கிறது.

வெறுங்கால்:
சிகிச்சை என்று நீங்களே எடுத்ததால் கேட்கிறேன். 2016-இல் வெளியான ஆய்வில், போரில் இருந்து திரும்பிய 162 அமெரிக்க வீரர்களைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வி.ஆர். வைத்தும் இன்னொரு பகுதியினருக்கு அது இல்லாமல் நினைவை மட்டும் பேச வைத்தும் பார்த்தார்கள். வி.ஆர். மேலானதாக இல்லை. மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் பார்த்தபோது, ஹெட்செட் இல்லாமல் பேசியவர்களே கூடுதலாகத் தேறியிருந்தார்கள். அப்படியென்றால் குணப்படுத்தியது எதிரே உட்கார்ந்து கேட்ட மனிதர்தானே?

இயன்முறை:
அந்த ஆய்வு சரியானது, மறுக்கவில்லை. ஆனால் அதில் யாரும் உடலை அசைக்கவில்லை. நெதர்லாந்தில் எரிக் வெர்மெட்டன் குழுவினர் தொடங்கி, பிறகு வேல்ஸிலும் பிரிட்டிஷ் முன்னாள் வீரர்களிடம் செய்து பார்த்த முறை ஒன்று இருக்கிறது. மற்ற சிகிச்சைகளில் பலன் கிடைக்காதவர்கள் அவர்கள். அந்த வீரரே தன் படங்களையும் பாட்டையும் தேர்ந்தெடுத்துத் தருவார். பெரிய திரைக்கு முன்னால் டிரெட்மில்லில் ஏறி, இத்தனை வருடம் பார்க்க முடியாமல் தவிர்த்த அந்தப் படத்தை நோக்கி நடப்பார். சிகிச்சையாளர் பக்கத்திலேயே நிற்பார். நீங்கள் கேட்கும் ஆளும் இருக்கிறார், கருவியும் இருக்கிறது.

ஒருகால்_நடை:
இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கண்ணிவெடியில் முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போனவன் நான். கால் போன பிறகும் அதன் கட்டைவிரல் மடங்கி, நகம் சதைக்குள் குத்துவது போல் இரவெல்லாம் வலித்தது. நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990-களில் கண்டுபிடித்த கண்ணாடிப் பயிற்சியைத்தான் முதலில் கொடுத்தார்கள். நல்ல காலின் பிம்பத்தை, போன காலாக மூளை எடுத்துக்கொள்ளும். அமெரிக்காவின் வால்ட்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில் செய்து 2007-இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், கண்ணாடி பார்த்துச் செய்த ஆறு பேருக்குமே வலி குறைந்தது. அதே வித்தை வி.ஆர். வழியாகவும் வந்திருக்கிறது. எனக்கும் அப்படித்தான் அது அறிமுகம்.

முதல் நாள் இரண்டு நிமிடத்தில் பிய்த்து எறிந்துவிட்டேன். கண் மறைந்ததும் முதுகில் ஊர்ந்தது போல் இருந்தது. கதவு எந்தப் பக்கம், பின்னால் யார் என்று தெரியாமல் நிற்பது எங்களுக்கு எப்படி இருக்கும் என்று விற்பவர்களுக்குத் தெரியாது. அப்புறம் நாங்களே வழி கண்டுபிடித்தோம். நாற்காலி சுவரை ஒட்டி இருக்கும். கதவை நானே தாழ் போடுவேன். சத்தம் பாதிதான், வெளியே நடப்பது காதில் விழ வேண்டும். சொல்லாமல் யாரும் என்னைத் தொடக்கூடாது. சுடும் விளையாட்டு, வெடிச் சத்தம் எதுவும் கிடையாது. இவ்வளவும் சரியான பிறகுதான் துடுப்புப் போட முடிந்தது.

அலைகடல்:
ஐயா, இதை எழுதியதற்கு நன்றி. அப்பாவும் முதுகு காட்டி உட்கார மாட்டார், ஏன் என்று இப்போதுதான் புரிகிறது. ஒரு சந்தேகம். பணியில் இருந்தபோது அவர் அருகே ஒரு குண்டு வெடித்திருக்கிறது. தலைசுற்றல் வருமா?

இயன்முறை:
அப்படியென்றால் முதலில் காது, நரம்பு மருத்துவர்களிடம் காட்டிவிடுங்கள். வெடி அதிர்ச்சி உள்காதின் சமநிலையைக் கெடுத்திருக்கலாம். 'நகர்கிறாய்' என்று கண் சொல்ல, 'இல்லை, நிற்கிறாய்' என்று காது சொல்லும்போதுதான் குமட்டல் வரும். அதனால் நாம் நின்றபடி இருக்க, காட்சி மட்டும் ஓடும் விளையாட்டுகள் வேண்டவே வேண்டாம். உட்கார்ந்தபடி ஐந்து நிமிடத்தில் தொடங்குங்கள். ஹெட்செட் அரைக் கிலோ இருக்கும், கழுத்து வலி உள்ளவர்களுக்கு அது பாரம். வலிப்பு வந்தவர்கள் என்றால் மருத்துவர் சொல்லாமல் தொடக்கூடாது.

வெறுங்கால்:
நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாகப் பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். என் பெரியப்பாவும் படையில் இருந்தவர். அவர் அறையை விட்டு வராதபோது ஒரு டி.வி. வாங்கி உள்ளே வைத்தோம். அவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எங்களுக்கு நிம்மதி. அதற்குப் பிறகு அந்த அறைக்குள் யாரும் போய் உட்காரவில்லை. எட்டு வருடம் அப்படியே இருந்துவிட்டுப் போய்விட்டார். "அப்பா உடற்பயிற்சி செய்கிறார்" என்று கதவைச் சாத்திவிட்டு வந்துவிடாதீர்கள், அலைகடல்.

ஒருகால்_நடை:
தம்பி, உன் பயம் நியாயமானது. நான் தனியாகச் செய்வதில்லை. ஞாயிறு காலை ஆறு மணிக்கு மூன்று பேர் ஆன்லைனில் சேர்வோம், ஒரே பிரிவில் இருந்தவர்கள். ஒருவன் வேறு ஊரில், இன்னொருவனால் நடக்க முடியாது. டேபிள் டென்னிஸ் ஆடுவோம். பக்கத்தில் இருப்பவன் மூச்சு வாங்குவது என்று எழுதினாயே, அது ஹெட்போனில் கேட்கிறது. வெளியே போக முடிந்தவன் வெளியே போகட்டும். எங்களில் இரண்டு பேருக்கு இது இல்லையென்றால் எதுவும் இல்லை.

அலைகடல்:
காது மருத்துவரிடம் காட்டிவிட்டு, நேற்று பிசியோவிடமே வைத்து முயன்றோம். நாற்காலியைச் சுவரோரம் போட்டேன். அப்பா ஒருமுறை கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு மாட்டிக்கொண்டார். ஏழு நிமிடம். கழற்றியபோது நெற்றியில் பஞ்சு பதிந்த தடம், சட்டை நனைந்திருந்தது. நன்றாக இருந்தது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. காரில் வரும்போது, "வியாழக்கிழமையா மறுபடி?" என்று மட்டும் கேட்டார். இப்போதைக்கு வாங்கவில்லை, வாரம் இருமுறை அங்கேயே, நான் கூட இருந்து.

வெறுங்கால்:
மூன்று மாதம் கழித்து இங்கேயே வந்து எழுதுங்கள். எத்தனை பலூன் உடைத்தார் என்பதோடு, எத்தனை நாள் உங்களோடு தெருவுக்கு வந்தார் என்பதையும்.