ஃபிஷிங்குக்குத் தமிழ்ச்சொல் வேண்டும், செவ்வாய்க்கிழமை அச்சகத்துக்குப் போகிறது

எழுதியவர்: வேலந்தாவளம் மண்டி

எல்லாருக்கும் வணக்கம். இங்கே பாலக்காட்டு எல்லையில் வியாபாரிகள் சேர்ந்து ஒரு கைப்பிரதி அடிக்கிறோம். தேங்காய் மண்டி, உரக்கடை, பேக்கரி, மளிகை என்று எல்லாக் கடைக்கும் கொடுப்பதற்கு. ஒரே தாள், முன்பக்கம் தமிழ், பின்பக்கம் மலையாளம். மலையாளக்காரர்கள் ‘தட்டிப்பு’ என்று தலைப்புப் போட்டு முடித்துவிட்டார்கள். நம் பக்கம் தலைப்பிலேயே நிற்கிறது.

‘மோசடி’ என்று போடலாம்தான். ஆனால் எடையில் கை வைத்தாலும் மோசடி, அழுகின தேங்காயை அடியில் போட்டு அனுப்பினாலும் மோசடி. நான் சொல்ல வருவது தெரிந்த ஆள் போல வேஷம் கட்டி வரும் செய்தியை. ஒரு மண்டிக்கு வந்ததை அப்படியே தருகிறேன்:

“ஐயா, எங்கள் பழைய கணக்கு ஆடிட்டில் இருப்பதால் இந்த லோடுக்கான தொகையைக் கீழ்க்கண்ட கணக்கில் போடவும். போட்டதும் யுடிஆர் நம்பர் அனுப்பவும்.”

(யுடிஆர் என்பது பணம் போட்டதற்கு வங்கி தரும் அடையாள எண்.) கூடவே பில். பொள்ளாச்சிக்காரரின் அதே லெட்டர்பேடு, 33-இல் தொடங்கும் அதே ஜிஎஸ்டி எண், மூட்டைக் கணக்குகூடச் சரி. மாறியிருந்தது வங்கிக் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி கோடும்தான். கணக்கெழுதும் பையன் பணத்தைப் போட்டுவிட்டான். பொள்ளாச்சிக்காரரின் மின்னஞ்சலுக்குள் யாரோ முன்பே புகுந்து, பில் போகும் நாளுக்காகக் காத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

இதற்கு ஒரு சொல் வேண்டும். செவ்வாய்க்குள்.

*

எழுதியவர்: சித்தூர்ப் புலவர்

தாங்கள் கேட்கும் சொல்லை வள்ளுவர் 931-ஆம் குறளிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

வேண்டற்க வென்றிடினும் சூதினை வென்றதூஉம்
தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று.

இங்கே பொன் என்றது இரும்பை. பழந்தமிழில் பொன் உலோகத்துக்கெல்லாம் பொதுப்பெயர். இரும்பு கரும்பொன், வெள்ளி வெண்பொன். ஆகவே கலைச்சொல் ‘தூண்டிற்பொன்’. அகநானூறு 36-ஆம் பாட்டில் ‘கொடுவாய் இரும்பின் கோள் இரை’யைக் கவ்விய வரால், ஆம்பல் இலை கிழிய, குவளைப் பூச் சிதையப் பாய்ந்து, ‘தூண்டில் வேட்டுவன் வாங்க வாராது’ குளத்தையே கலக்குகிறது. செய்தி அனுப்புகிற கள்ளனுக்கும் பெயர் கிடைத்துவிட்டது பாருங்கள்: தூண்டில் வேட்டுவன்.

தூண்டு என்பதே வேர். விளக்குத் திரியைத் தூண்டுவதும் மீனின் ஆசையைத் தூண்டுவதும் ஒரு தொழிலே. மலையாளத்துச் ‘சூண்ட’யும் இதிலிருந்து பிறந்ததே என்பது என் துணிபு. தகரம் சகரமான வரலாற்றைத் தனி மடலில் விரிக்கிறேன்.

*

எழுதியவர்: வண்ணாமடை மொபைல் கடை

புலவர் ஐயா, தூண்டிற்பொன் என்று தாளில் போட்டால் நகைச்சீட்டு என்று நினைத்து எங்கே சேர்வது என்று கேட்பார்கள்.

எனக்கு வேறு சந்தேகம். கடைக்கு வருகிறவர்கள் சார்ஜ் நிற்கவில்லை என்று போனைக் கொடுப்பார்கள். திறந்து பார்த்தால் ‘கல்யாணப் பத்திரிகை’ என்ற பெயரில் ஒரு ஏபிகே, அதாவது ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை நிறுவும் கோப்பு, இறங்கியிருக்கும். வாட்ஸ்ஆப்பில் வந்தது, அதுவும் சொந்தக்காரர் நம்பரிலிருந்தே. தொட்டதும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும், இவர்களும் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் ஓடிபியை யார் வாயால் கேட்க வேண்டும்? போனே எடுத்து அனுப்பிவிடும். வண்டிக்கு ஃபைன் என்று சொல்லி எம்பரிவாஹன் என்ற அரசு வண்டி ஆப்பின் பெயரிலும் இதே கூத்து. உங்கள் சொல்லுக்குள் இது அடங்குமா, அடங்காதா? அடங்காவிட்டால் எனக்கு அந்தச் சொல்லால் பிரயோஜனம் இல்லை.

என்னைக் கேட்டால் ‘ஃபிஷிங்’ என்றே போடுங்கள். போலீஸும் பேங்கும் அதைத்தான் சொல்கின்றன.

*

எழுதியவர்: கோவை நிரல்காரர் (சொந்த ஊர் கோபாலபுரம்)

அக்கா, நீங்கள் சொல்லும் ஏபிகே தீங்குநிரல், அதாவது மால்வேர். அதைத் தொட வைக்கும் செய்திதான் ஃபிஷிங். இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருந்தால்தான் பாதுகாப்பையும் தனித்தனியாகச் சொல்ல முடியும். செய்தியைச் சந்தேகப்படச் சொல்ல வேண்டும்; ஏபிகேவைப் பொறுத்தவரை, பிளே ஸ்டோருக்கு வெளியே எதையும் இறக்காதே என்று சொல்லிவிட வேண்டும்.

சொல்லின் பிறப்பையும் சொல்லிவிடுகிறேன். 1990-களின் நடுவில் அமெரிக்கா ஆன்லைன் நிறுவனத்தின் வாடிக்கையாளர்களிடம், நிறுவன ஊழியர் போல நடித்துக் கடவுச்சொல்லைக் கறந்தவர்கள் வைத்த பெயர் இது. மீன்பிடித்தலுக்கான ஆங்கிலச் சொல்லில் முதல் எழுத்தை வேண்டுமென்றே மாற்றினார்கள். தொலைபேசி இணைப்புகளை ஏமாற்றிப் பயன்படுத்தியவர்கள் அதற்கு முன்பே தங்கள் கலைக்கு அப்படி எழுத்து மாற்றிப் பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பாணிதான்.

என் பரிந்துரை: வலைவீச்சு.

*

எழுதியவர்: நகரி தறி

தம்பி, வலைத்தளம், வலைப்பூ, வலையொளி எல்லாவற்றுக்கும் வலையை ஏற்கெனவே கொடுத்தாயிற்று. வலைவீச்சு என்றால் ஆந்திர எல்லையில் எங்கள் ஊரில் பிஎஸ்என்எல் டவர் ரேஞ்ச் என்று நினைப்பார்கள்.

ஆங்கிலத்தில் எழுத்துப்பிழையையே சொல்லாக்கினார்கள் என்றால் நாமும் செய்வோமே. ‘மீண்பிடி’. ணகரம் போடுங்கள். பார்த்ததும் எங்கேயோ தப்பு இருக்கிறது என்று தெரிந்துவிடும், போலிச் செய்தியில் தெரிவது போலவே.

*

எழுதியவர்: கொழிஞ்சாம்பாறை டீச்சர்

நகரி அண்ணா, வருஷம் முழுக்க நோட்டில் நான் திருத்துவதே அந்த ணகரத்தைத்தான். விட்டுவிடுங்கள். எழுத்துப்பிழையை வைத்துப் போலியைக் கண்டுபிடித்த காலமும் போயிற்று. இப்போது வரும் செய்திகள் எங்கள் துறைச் சுற்றறிக்கையைவிட நல்ல தமிழில் இருக்கின்றன.

இதுவரை வந்த சொற்கள் எல்லாமே மீன்பிடிக்கிறவன் பக்கம் நின்று வைத்த பெயர்கள். தூண்டில் அவன் கையில் இருப்பது, வீச்சு அவன் செய்வது. கைப்பிரதி படிக்கப் போவதோ மீன். மீனுக்குத் தூண்டிலும் தெரியாது, வேட்டுவனும் தெரியாது. கண்ணுக்குத் தெரிவது இரை ஒன்றுதான். பாக்கிப் பணம், ஜிஎஸ்டி நோட்டீஸ், ரீஃபண்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் இரை. ஆகவே ‘இரைச்செய்தி’.

நம் எல்லைக்கு இதில் இன்னொரு வசதி உண்டு. மலையாளத்தில் ‘இர’ என்றால் இரை, குற்றத்துக்கு ஆளானவரையும் பத்திரிகைகள் அப்படித்தான் எழுதுகின்றன. இரு மொழியும் படிக்கும் பிள்ளைக்கு விளக்கமே வேண்டாம்.

*

எழுதியவர்: நகரி தறி

டீச்சர் சொன்னது சரி. தெலுங்கில் ‘எர’ என்றால் தூண்டில் முள்ளில் குத்தும் இரைதான். முள்ளுக்கு ‘காலம்’ என்பார்கள், அது நமக்குக் குழப்பும். என் வாக்கு இரைக்கு. மீண்பிடியை வாபஸ் வாங்குகிறேன்.

*

எழுதியவர்: வேலந்தாவளம் மண்டி

டீச்சர், மண்டியில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். எடைபோடுகிறவர், “இறைச்செய்தியா, எந்தச் சர்ச்?” என்று கேட்டார்.

*

எழுதியவர்: கொழிஞ்சாம்பாறை டீச்சர்

ரகரத்தையும் றகரத்தையும் ஒன்றாகச் சொல்வது உங்கள் எடைக்காரரின் பழக்கம். மலையாளம் பேசிப் பழகின எங்கள் பிள்ளைகளுக்கு இந்த இரண்டும் ஒருநாளும் மயங்காது. தமிழ்நாட்டுக்குள் தேய்ந்துபோனது எல்லையில் பிழைத்திருக்கிறது.

*

எழுதியவர்: சித்தூர்ப் புலவர்

அம்மையார் பொன்னான கருத்தைத் தொட்டார் (இந்தப் பொன் இரும்பன்று). என் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். சிறுமை + ஊர் = சிற்றூர். மலையாளத்தார் இன்றும் றகரம் இரட்டித்தே ஒலிக்கிறார்கள். நாமோ சித்தூர் என்கிறோம். ஆந்திரத்துச் சித்தூரும் தெலுங்கில் தகரம் இரட்டித்தே வழங்குகிறது. இரண்டும் ஒரே சொல்லாயின், றகரத் தேய்வு எக்காலத்தில், எத்திசையிலிருந்து

*

எழுதியவர்: வேலந்தாவளம் மண்டி

ஐயா, செவ்வாய்.

*

எழுதியவர்: சித்தூர்ப் புலவர்

மடல் பாதியில் போய்விட்டது. செவ்வாயை மறக்கவில்லை. மொபைல் கடைக்காரருக்கு ஒன்று. அயற்சொல்லைத் தொல்காப்பியர் தடுக்கவில்லை, ‘வடவெழுத்து ஒரீஇ எழுத்தொடு புணர்ந்த சொல்லாகும்மே’ என்று வழியே சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது வடசொல்லுக்கு. நீட்டித்துக்கொண்டாலும் ஆங்கில ஒலியை நீக்கினால் நிற்பது ‘பிசிங்கு’. இதைத் தாளில் போடச் சம்மதமா?

*

எழுதியவர்: வண்ணாமடை மொபைல் கடை

பிசிங்கு வேண்டாம் ஐயா, கேட்கவே பிசுபிசு என்கிறது. ஆனால் எங்கள் ஊர்ப் பேச்சும் ஒரு பேச்சுத்தானே? செந்தமிழ் நிலத்தைச் சுற்றின பன்னிரண்டு நாட்டுச் சொல்லைத் திசைச்சொல் என்று சேர்த்துக்கொண்டவரும் அதே தொல்காப்பியர்தான். பள்ளிக்கூடத்தில் படித்தது மறக்கவில்லை. எங்கள் கடைத்தெருவில் இதற்கு ‘டூப் மெசேஜ்’ என்று பெயர். சொன்னால் டீ கொண்டுவரும் பையனுக்கும் புரியும்.

*

எழுதியவர்: கோவை நிரல்காரர்

டூப் மெசேஜ் புரியும், ஆனால் வங்கிக்குப் புகார் எழுதும்போது நிற்காது. நான் அதைத்தான் பார்க்கிறேன். 2017-இல் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, வாடிக்கையாளர் தாமே ஓடிபியோ கடவுச்சொல்லோ கொடுத்துப் பணம் போயிருந்தால், வங்கிக்குத் தகவல் சொல்லும்வரை ஆன நட்டம் அவருடையது. சொன்ன பிறகு போவது வங்கியுடையது. சொல்லுக்காக இங்கே சண்டை போடும் நேரத்தில் ஒன்றை மட்டும் பெரிய எழுத்தில் போட்டுவிடுங்கள்: பணம் போனது தெரிந்த நிமிஷமே 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கும் வங்கிக்கும் கூப்பிடு. வங்கியின் எண்ணைக் கூகுளில் தேடி எடுக்காதே, பாஸ்புக்கிலோ கார்டின் பின்பக்கமோ பார். தேடினால் கிடைக்கும் வாடிக்கையாளர் சேவை எண்ணே தூண்டிலாக இருப்பதுண்டு.

சொல்லைப் பொறுத்தவரை வலைவீச்சை விட்டுவிட்டேன். ‘தூண்டில் செய்தி’க்கு என் கை.

*

எழுதியவர்: சித்தூர்ப் புலவர்

கொள்கையளவில் உடன்பாடு. ஆயின் லகரத்தின் முன் சகரம் வந்தால் றகரமாகத் திரியும். தூண்டிற்செய்தி. வள்ளுவரே தூண்டிற்பொன் என்றுதான் புணர்த்தினார். மடல் என்று வைத்தால் தூண்டின்மடல் ஆகும்.

*

எழுதியவர்: வண்ணாமடை மொபைல் கடை

தூண்டின்மடல் என்றால் என்ன ஐயா, தாழம்பூவா?

*

எழுதியவர்: வேலந்தாவளம் மண்டி

அச்சகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பெரும்பான்மை என்று சொல்ல முடியாது, மற்றவர்கள் களைத்துவிட்டார்கள் என்று சொல்லலாம். தலைப்பு: ‘தூண்டில் செய்தி வருது, கவனம்!’. புணர்ச்சி இல்லாமல், இடம் விட்டு. புலவர் ஐயா மன்னிக்கவும், தூண்டிற்செய்தி என்று டிடிபி பையன் அடித்ததை மூன்று பேர் மூன்று விதமாக வாசித்தார்கள்.

உள்ளே இப்படி வைத்திருக்கிறேன். கணக்கு எண் மாறியது என்று செய்தி வந்தால், அந்தச் செய்தியில் உள்ள நம்பரை விட்டுவிட்டு, நம் பழைய டைரியில் உள்ள நம்பருக்குக் கூப்பிட்டுக் குரலைக் கேட்ட பிறகே பணம் போட வேண்டும். பணம் வாங்க யுபிஐ பின் நம்பர் தேவையில்லை. கேட்டால் அது நம் கணக்கிலிருந்து எடுப்பதற்குத்தான். வாடிக்கையாளர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல், ஸ்பீக்கர் சொன்னதையோ நம் கணக்கில் ஏறியதையோ பார்த்த பிறகு சரக்கு. காலையில் கடை திறந்ததும் க்யூஆர் ஸ்டிக்கர் மேல் இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் ஒரு சுரண்டு. வாட்ஸ்ஆப்புக்கு இரண்டாவது பூட்டாக ஆறு இலக்க பின்.

ஏபிகேவுக்குச் சொல் போடவில்லை. ‘ஏபிகே’ என்றே இருக்கிறது.

*

எழுதியவர்: கொழிஞ்சாம்பாறை டீச்சர்

தாளில் எப்படியோ போகட்டும், வகுப்பில் நான் இரைச்செய்தி என்றுதான் சொல்லிக்கொடுக்கப் போகிறேன்.

ஆனால் புரூஃபில் கடைசி வரியைப் பாருங்கள். கணினியைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் ரான்சம்வேருக்குப் ‘பணயப்பூட்டு’ என்று இருக்கிறது, யார் போட்டது? மலையாளத்தில் பணயம் என்றால் அடகு. பாலக்காட்டுப் பக்கம் தெருவுக்குத் தெரு தங்கப் பணயப் பலகை தொங்குகிறது. கணினியை அடகு வைக்கும் கடை என்று படிப்பார்கள்.

*

எழுதியவர்: கோவை நிரல்காரர்

நான்தான் போட்டேன் டீச்சர். 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் வந்தபோது பாலக்காடு ரயில்வே கோட்ட அலுவலகத்துக் கணினிகளும், ஆந்திரத்தில் சித்தூர் உட்படச் சில மாவட்டத்துப் போலீஸ் கணினிகளும் மாட்டின. நம் எல்லையின் இரு முனையிலும் நடந்ததாயிற்றே, ஒரு வரியாவது இருக்கட்டும் என்று சேர்த்தேன்.

*

எழுதியவர்: வேலந்தாவளம் மண்டி

வரி இருக்கும், சொல்லை எடுத்துவிட்டேன். ‘கணினிக் கணக்கை வாரம் ஒருமுறை தனி டிஸ்கில் எடுத்து, டிஸ்கைக் கழற்றி வைக்கவும், உள்ளே புகுந்து பூட்டிவிட்டுக் காசு கேட்பவர்கள் உண்டு’ என்று வாக்கியமாகவே போட்டாயிற்று. இதற்குச் சொல் தேட வேண்டாம், தயவுசெய்து. பிளேட் போட்டுவிட்டார்கள்.

*

எழுதியவர்: சித்தூர்ப் புலவர்

‘பிணை’ இருக்கிறதே?