நின்ற வண்டியில் ஸ்டீயரிங்கை ஒடிக்கலாமா?

கதிர்:
எங்கள் குடியிருப்பில் தூணுக்கும் சுவருக்கும் நடுவே காரை நிறுத்த வேண்டியிருப்பதால், வண்டி நின்ற நிலையிலேயே ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடிப்பது என் வழக்கம். அப்படிச் செய்தால் ஸ்டீயரிங் கெட்டுவிடும் என்று எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. பவர் ஸ்டீயரிங் இல்லாத பழைய அம்பாசடர் காலத்து அறிவுரை அது.

பட்டறைவாசி:
நீங்கள் நிறுத்தும் இடத்தில் தரையைக் குனிந்து பாருங்கள், தம்பி. சிமெண்டில் பிறை வடிவில் கறுப்புத் தடம் இருந்தால், அது உங்கள் முன் டயரின் ரப்பர். டயர் தரையைத் தொடுவது ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவில்தான். சக்கரம் உருளும்போது அந்த இடம் மாறிக்கொண்டே இருப்பதால் எளிதாகத் திரும்புகிறது. நிற்கும்போதோ முன்பாரம் முழுவதும் ஒரே இடத்தில் அழுத்துவதால், ரப்பர் அரைபட்டுத்தான் திரும்ப வேண்டியிருக்கிறது. அந்தப் பாரம், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் பாகங்களான டை ராட் எண்ட், ரேக் வரை ஏறுகிறது.

கதிர்:
அரைபடுவதை நான் மறுக்கவில்லை, ஐயா. ஆனால் மின்சார ஸ்டீயரிங்கில் நம் கைக்கு உதவும் மோட்டாரின் திறனை முடிவு செய்யும் பொறியாளர்கள் கணக்கில் எடுப்பதே நின்ற வண்டியில் ஒடிக்கும் பாரத்தைத்தான். ஓடும்போது அவ்வளவு விசை தேவைப்படுவதில்லை.

வானதி:
டை ராட் எண்டைப் பொறுத்தவரை, எங்கள் தெருவின் குழிகள் கொடுக்கும் அடியைவிட இது பெரிதென்று எனக்குத் தோன்றவில்லை.

பட்டறைவாசி:
குழியின் அடி பெரிதுதான், அம்மா. ஆனால் அது நம் கையில் இல்லை, இது இருக்கிறது. தாங்கும்படி செய்திருக்கிறார்கள் என்பதால் தேய்மானம் இல்லை என்று ஆகிவிடாது. நின்ற இடத்திலேயே மாறிமாறி ஒடித்துக்கொண்டிருந்தால் மோட்டார் சூடேறி, அதன் கட்டுப்பாட்டுக் கருவி உதவியைக் குறைத்துவிடும். ஸ்டீயரிங் கனக்கத் தொடங்கும். ஆயில் அழுத்தத்தால் உதவும் ஹைட்ராலிக் வகையில் முழு ஒடிப்பில் பிடித்து வைத்திருந்தால் பம்ப் உச்ச அழுத்தத்தில் முனகுவது காதிலேயே கேட்கும், ஆயிலும் சூடாகும். வேறு வழியில்லாதபோது ஒடிப்பதை நான் குறை சொல்லவில்லை. இடம் இருக்கும்போது பிரேக்கை இலேசாக விட்டு, வண்டி ஒரு சாண் நகரும்போதே ஒடியுங்கள்; கையிலேயே வித்தியாசம் தெரியும்.

கதிர்:
இன்று காலை பார்த்தேன். நீங்கள் சொன்ன தடம் இரண்டு இடங்களில் இருக்கிறது. நுழையும்போது நகர்ந்தபடியே ஒடிக்க இடம் போதும். இனி அப்படியே செய்கிறேன். ஆனால் தூணருகே ரிவர்ஸ் எடுக்கும்போது பம்பருக்கு நான்கு விரல் இடைவெளிதான். அங்கே நின்றபடியேதான் ஒடிப்பேன்.