எள், நிலக்கடலை, கடுகு மூன்றும் இல்லாமல் இட்லிப்பொடி, ஊறுகாய்

வேலந்தாவளம்காரி:
பையனுக்கு நாலு வயசு. எள், நிலக்கடலை, கடுகு மூன்றும் ஒவ்வாது என்று டாக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டார். பருப்பு, தேங்காய், கோதுமை, பால் எல்லாம் தொந்தரவில்லாமல் சாப்பிடுகிறான். இட்லிக்குப் பொடியும், தயிர்சாதத்துக்குத் தொட்டுக்க ஒரு ஊறுகாயும் அளவோடு வேண்டும். எள் போடாத பொடி மாவு மாதிரி நாக்கில் ஒட்டுகிறது. மிளகாய்ப்பொடி மில்லில் கொடுத்து அரைக்கலாமா? நல்லெண்ணெய்க்குப் பதில் என்ன?

சித்தூர் அடுக்களை:
மில் வேண்டவே வேண்டாம். உங்களுக்கு முன்னால் யாராவது எள்ளுப்பொடி அரைத்திருப்பார்கள், கல்லில் ஒட்டியது உங்கள் பொடியில்தான் இறங்கும். வீட்டு மிக்சியிலும் பழைய ஜாரைத் தொடாதீர்கள். மூடி ரப்பருக்கு அடியிலும் பிளேடு அடியிலும் பழைய பொடி நிற்கும், கழுவினாலும் போகாது. சின்ன ஜார் ஒன்று புதிதாக வாங்கி அவனுக்கென்றே வையுங்கள்.

பொடிக்கு: உளுத்தம்பருப்பு 1 கப், கடலைப்பருப்பு அரை கப், புழுங்கலரிசி 2 மேசைக்கரண்டி, துருவிய கொப்பரை கால் கப், வற்றல் மிளகாய் 5, கல்லுப்பு 2 தேக்கரண்டி, கறிவேப்பிலை ஒரு கைப்பிடி. பருப்புகளைத் தனித்தனியாகச் சிறுதீயில் வறுக்கணும். உளுந்து நடுவரை சிவக்க எட்டு நிமிஷமாவது ஆகும். மேலே மட்டும் சிவந்து உள்ளே பச்சையாக இருந்தால்தான் நாக்கில் ஒட்டும். அரிசி பொரிந்து வரணும், பொடிக்கு நறநறப்பு தருவது அதுதான். கொப்பரையைக் கடைசியில், அடுப்பை அணைத்த பிறகு அந்தச் சூட்டிலேயே புரட்டினால் போதும். எள்ளின் எண்ணெய்ப் பசையை அது ஈடுகட்டும். முழுக்க ஆறிய பிறகு விட்டு விட்டு அரையுங்கள். சூட்டோடு அரைத்தால் ஆவி இறங்கிக் கட்டிவிடும். கொப்பரை சேர்ந்ததால் வெளியே பத்து நாள்தான், அதற்குமேல் சிக்கு வாடை வரும். ஃப்ரிட்ஜில் ஒரு மாசம்.

பருப்பைப் பாக்கெட்டாக வாங்குங்கள். சில்லறையாக அள்ளித் தருகிற கடையில் நிலக்கடலைக்கும் பருப்புக்கும் ஒரே கரண்டி.

கொழிஞ்சாம்பாறை:
எண்ணெய் பற்றி. செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெய் நல்லதுதான், ஆனால் அதே செக்கில் எள்ளும் கடலையும் ஆட்டுவார்கள். சுத்திகரிக்காத எண்ணெயில் புரதம் தங்கும், ஒவ்வாமைக்குக் காரணமே அந்தப் புரதம். தேங்காய் மட்டும் ஆட்டுகிற இடம் என்று நேரில் பார்த்துத் தெரிந்தால் ஒழிய வாங்காதீர்கள்.

கடையில் கேட்கும்போதும் கவனம். எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில், 'கடலை' என்றால் கொண்டைக்கடலை என்று எடுத்துக்கொண்டு 'இல்லை' என்பார்கள். 'கப்பலண்டி சேர்த்திருக்கா?' என்று கேளுங்கள், நிலக்கடலைக்கு இங்கே அதுதான் பேர்.

லேபிளில் ஒவ்வாமை வரியை மட்டும் நம்பாதீர்கள். இந்திய அரசின் 2020 உணவு லேபிள் விதிப்படி நிலக்கடலை, கோதுமை, பால், முட்டை, சோயா போன்றவற்றை அறிவிக்கணும். அந்தப் பட்டியலில் எள்ளும் கடுகும் கிடையாது. 'மசாலாப் பொருட்கள்' என்ற ஒற்றை வார்த்தைக்குள் கடுகு ஒளிந்திருக்கலாம். அதனால் கடை மசாலாப்பொடியே வேண்டாம் என்பது என் கருத்து.

சித்தூர் அடுக்களை:
சரிதான். பெருங்காயத்தை ஏன் விட்டேன் என்று கேட்பார்கள்: கட்டியோ பொடியோ, பெரும்பாலும் கோதுமை மாவு கலந்தது. இந்தப் பையனுக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளும், சேர்க்கலாம். படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

மாங்காப்பரணி:
ஊறுகாய்க்கு வருகிறேன். கடுகுப்பொடி காரத்துக்கு மட்டுமில்லை, கெடாமல் காப்பதில் அதற்கும் பங்குண்டு, சாற்றைக் கெட்டியாக்குவதும் அதுதான். எடுத்துவிட்டால் உப்பும் வெயிலும் அந்த வேலையைச் செய்யணும்.

புளிப்பு மாங்காய் 1 கிலோ, கழுவி ஈரம் போகத் துடைத்து நறுக்கி, கல்லுப்பு 150 கிராம், மஞ்சள்தூள் 1 தேக்கரண்டி போட்டுப் பரணியில் மூன்று நாள். தினம் ஒரு தடவை உலர்ந்த கரண்டியால் கிளறணும். பிறகு துண்டுகளைப் பிழிந்து ஒரு நாள் நல்ல வெயிலில் காயவையுங்கள், சாற்றையும் தனியாக வெயிலில் வையுங்கள். இதைத் தவிர்த்தால் தண்ணீராக நின்று ஒரு வாரத்தில் பூசணம் பிடிக்கும். துண்டுகளையும் சாற்றையும் ஒன்றாக்கி, வீட்டில் அரைத்த மிளகாய்ப்பொடி 40 கிராம், சுக்குப்பொடி 1 தேக்கரண்டி, காய்ச்சி ஆறவைத்த தவிட்டெண்ணெய் 200 மில்லி சேர்த்துக் கலக்குங்கள். தேங்காயெண்ணெய் ஊறுகாய்க்கு ஒத்துவராது, குளிரில் உறையும். இரண்டு வாரத்துக்குப் பிறகு ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

வெந்தயம் போடச் சொல்லவில்லை, கவனித்தீர்களா? வெந்தயமும் நிலக்கடலையும் ஒரே குடும்பம், நிலக்கடலை ஆகாத சிலருக்கு வெந்தயமும் ஆகாது. டாக்டரிடம் கேட்டபிறகு சேருங்கள்.

வேலந்தாவளம்காரி:
நன்றி. ஊறுகாய் தயாராகும் வரை தயிர்சாதத்துக்கு?

மாங்காப்பரணி:
வேப்பிலைக்கட்டி. பேரில்தான் வேப்பிலை. நாரத்தை இலை 2 கப், எலுமிச்சை இலை அரை கப், நடுநரம்பு கிழித்து எடுத்தது. வற்றல் மிளகாய் 4, ஓமம் 1 தேக்கரண்டி, நெல்லிக்காய் அளவு கொட்டையில்லாத புளி, உப்பு. இலையில் துளி ஈரம் இருக்கக்கூடாது. தண்ணீர் விடாமல் அரைத்து உருண்டை பிடியுங்கள். எண்ணெயே தேவையில்லை. நரம்பை எடுக்காமல் விட்டால் கசக்கும், பையன் துப்பிவிடுவான்.