புதுப்பிப்பு: ஜிபி ஸ்டிக்கரைக் கழற்றியாச்சு

வண்டி எந்த நாட்டுடையது என்று காட்டும் பழைய ஜிபி (கிரேட் பிரிட்டன்) ஸ்டிக்கரைக் காரில் வைத்துக்கொண்டே பிரான்ஸ் போகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன் அல்லவா? போய்வந்தாயிற்று.

பதில்: கூடாது. 2021 செப்டம்பர் 28 முதல் பிரிட்டன் வண்டிகளுக்கு வெளிநாட்டில் ‘யூகே’ (யுனைடெட் கிங்டம்) எழுத்துதான். ஜிபி என்றால் வட அயர்லாந்து விட்டுப்போகிறது, அதனால் மாற்றம் நியாயம்தான். நம்பர் பிளேட்டிலேயே யூகே எழுத்து இருந்தால் தனி ஸ்டிக்கர் வேண்டாம். என் பிளேட்டில் இருப்பதோ ஐரோப்பிய நட்சத்திர வட்டமும் ஜிபியும், அது செல்லாது. ஸ்பெயின், சைப்ரஸ், மால்டா போகிறவர்கள் மட்டும் பிளேட்டில் என்ன இருந்தாலும் ஸ்டிக்கர் ஒட்டியே ஆகவேண்டும். அயர்லாந்துக்கு எதுவும் தேவையில்லை.

சட்டத்தைவிட ஸ்டிக்கரை உரிப்பதுதான் பெரும்பாடு. ஹேர் டிரையரால் சூடு காட்டி, காலாவதியான பிளாஸ்டிக் அட்டையால் ஓரத்தைக் கிளப்பினேன். ‘ஜி’ முழுசாக வந்தது, ‘பி’ பாதியிலேயே கிழிந்தது. சமையல் எண்ணெய் தடவித் தேய்த்த பிறகுதான் பசை விட்டது. அடியில் முட்டை வடிவத்தில் பெயிண்ட் மட்டும் புதுசாகப் பளபளத்தது. நல்லவேளை, புது ஸ்டிக்கரும் அதே வடிவம். அதன் மேலேயே ஒட்டி மறைத்துவிட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும், போகும்போதும் சரி, வரும்போதும் சரி, யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.